நீந்தத் தெரியும் என்று எழுதிக்கொடுத்தவன்

நீந்தத் தெரியுமா என்று கேட்டிருந்த கட்டத்தில் 'போலே' என்று எழுதினேன். மலாயில் 'முடியும்' என்று பொருள். அது உபகாரச் சம்பளத்துக்கான விண்ணப்பப் பாரம். தட்டச்சு தெரியுமா, மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமா, குடும்பத்தை விட்டுத் தூரத்தில் தங்கி வேலை செய்ய முடியுமா என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் போலே. இதில் ஏதாவது பொய் என்று தெரியவந்தால் உபகாரச் சம்பளம் பறிக்கப்படும் என்பதற்குச் சம்மதித்துக் கீழே கையெழுத்தும் போட்டேன். எனக்குத் தட்டச்சும் தெரியாது, மோட்டார் சைக்கிளும் தெரியாது. தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம்.

அப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர். அங்கே விடிவதற்கு முன்னால் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். மேட்டு நிரை மரங்களுக்குப் போக முடியுமா என்று கணக்குப்பிள்ளையான கிராணி கேட்டால், காலில் புண்ணிருந்தாலும் முடியும் என்பதுதான் பதில். முடியாது என்று ஒருநாள் சொன்னவனை மறுநாளும் கூப்பிடமாட்டார்கள். தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பிறகு நாங்கள் ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா மரப்பட்டறையில் காவல்காரர் ஆனார். ஆனால் பெரட்டு அவரை விட்டுப் போகவில்லை.

"எல்லாத்துக்கும் போலேன்னு போடு. இல்லைன்னு எழுதுறவன் பாரத்தைத்தான் மொதல்ல தூக்கிப் போடுவானுங்க" என்றார்.

நீச்சல் கேள்வியை நான் வாசித்துக் காட்டியபோது மட்டும் இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "அதுக்கும் போடு. எவன் வந்து உன்னைத் தண்ணியில தள்ளிப் பார்க்கப் போறான்?" என்றார்.

அவர் இன்னொருதரம் கேட்டதற்குக் காரணம் உண்டு. லகாட்டுக்கு வந்த மறுவருஷம் என் அண்ணன் ஈயக்குட்டையில் மூழ்கிப் போனான். அவனுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. எங்கள் பக்கம் ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்களில் மழைத்தண்ணீர் நிறைந்து பச்சையாகக் கிடக்கும். கரையோரம் முழங்கால் ஆழம்தான். இரண்டு எட்டு கூட வைத்தால் தென்னைமரத்தையே நட்டு மூழ்கடிக்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் பழமொழியாகச் சொல்வார்கள். அந்த மண்ணில் அது உயிர்போகிற சமாச்சாரம். அண்ணனின் சட்டையும் செருப்பும் என் கையில் இருந்தன. வீட்டுக்கு ஓடும்போது அவற்றைக் கீழே போடவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்குத் தண்ணீரே எதிரி. வேதப்புத்தகத்தில் என் கையை வைத்து, கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் லூமுட் கடற்கரைக்குக் கூட்டிப் போனபோது எனக்கு அனுமதிக் கையெழுத்துப் போடவில்லை. நான் அதற்காக ஒருநாளும் அழவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. குளியலறைத் தொட்டியில் முகத்தை வைக்கச் சொன்னால்கூட மூச்சடைக்கும்.

இப்படிப்பட்டவனுக்குக் கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் கொடுத்த படிப்பு, பெட்ரோலிய உற்பத்திப் பொறியியல்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கடலில் எண்ணெய் எடுக்க ஆள் வேண்டும் என்று நாடு முழுக்கப் பேச்சு. எண்ணெய் என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போடும் வேலை என்று நினைத்துப் போனேன். போன பிறகுதான் பாடம் பூராவும் அழுத்தம் பற்றியது என்று தெரிந்தது. பூமிக்கு அடியில் எண்ணெய் அழுத்தப்பட்டுக் கிடக்கிறது; நாம் கிணறு தோண்டி அதற்கு வழி விடுகிறோம்; வழியை அளவோடு திறந்தால் எண்ணெய், அளவு தப்பினால் நெருப்பு. கிணற்றின் தலையில் அடுக்கடுக்காக வால்வுகள் வைத்த ஓர் இரும்புக் கூட்டம் இருக்கும். அதற்குப் பெயர் கிறிஸ்மஸ் மரம். அம்மாவிடம் சொன்னபோது, கடலுக்குள்ளேயும் ஆண்டவர் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்களே என்று சந்தோஷப்பட்டாள். நான் திருத்தவில்லை. கடல் என்ற வார்த்தையை அவள் முன்னால் மறுபடி எடுக்காமல் இருப்பது நல்லது என்று பட்டது.

காகிதத்தில் நான் வீரன். கிணற்றின் அடி அழுத்தம் இவ்வளவு, குழாயின் விட்டம் இவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை பீப்பாய் வரும் என்று கேட்டால் வகுப்பில் முதலில் விடை சொல்வது நான்தான். ஆனால் விரிவுரையாளர் படங்கள் காட்டும் வகுப்புகளில் உள்ளங்கை வேர்த்துவிடும். நடுக்கடலில் நாலு இரும்புக் கால்களில் நிற்கிற மேடை. சுற்றிலும் தண்ணீர். கிணற்றிலிருந்து வரும் ஒருவகை விஷவாயு அழுகிய முட்டை மாதிரி நாறும் என்றும், நாற்றம் இருக்கும்வரை பரவாயில்லை, திடீரென்று நாற்றம் நின்றுபோனால்தான் ஓட வேண்டும் என்றும் ஒருமுறை சொன்னார். எங்கே ஓடுவது? மேடையின் ஓரம்வரைக்கும்தான் ஓட முடியும். மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த ஓரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷ முடிவில் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். பத்து வாரப் பிராக்டிக்கல். பெரும்பாலோருக்குக் கரையிலிருக்கிற நிலையங்கள். ஆறு பேருக்கு மட்டும் கடல் மேடை. ஆறில் நாலாவது பெயர் என்னுடையது. கீழே ஒரு குறிப்பு: உபகாரச் சம்பளப் பாரத்தின்படி நீந்தத் தெரிந்தவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மேடைக்குப் போகுமுன் கிழக்குக்கரைப் பயிற்சி முகாமில் உயரத்திலிருந்து தண்ணீரில் குதித்து, நீந்திப் படகைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

பெரட்டுக்களத்து 'முடியும்' எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று பார்த்தேன். முடியாது என்று இப்போது சொன்னால், கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னவன் ஆவேன். உபகாரச் சம்பளம் போகும், அதோடு படிப்பும் போகும். சொல்லாவிட்டால் குதிக்க வேண்டும். அண்ணனுக்குக் குட்டை, எனக்குக் கடல். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வகுப்பில் தமிழர் நாங்கள் இரண்டே பேர். மற்றவனும் ஈப்போக்காரன்தான். முஸ்லிம், அவனுடைய வாப்பா பஸ் ஸ்டேஷன் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஹாஸ்டலில் ஒரே அறை. அவனுக்குக் கரையில் இடம் கிடைத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கட்டிலில் உருண்டு சிரித்தான்.

"நானும் போலேதான் போட்டிருக்கேன் மச்சான்! எனக்கும் ஒரு மண்ணும் தெரியாதுலா. கடையில எவன் வந்து என்ன கேட்டாலும் இருக்குன்னுதான் சொல்லணும். இல்லைன்னு சொன்னா வாப்பா கரண்டியைத் தூக்கிருவாரு. அந்தப் பழக்கத்துல எழுதிட்டேன்."

"உன் பேரு வரலையே."

"அதான் அல்லா என்னைக் காப்பாத்திட்டான். நீ இப்ப என்ன செய்யப் போறே?"

கற்றுக்கொள்ளலாம் என்றான். எங்கே? ஈப்போவில் கட்டணம் கட்டி நீந்துகிற குளம் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் லகாட்டில் நான் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால், அம்மா காதுக்கு அரை மணி நேரத்தில் செய்தி போய்விடும். பிராக்டிக்கலுக்கு முன் ஐந்து வாரம் விடுமுறை. வீட்டுக்குப் போய், அலுவலகத்தில் பயிற்சி என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

அந்த நன்றியிலிருந்துதான் எனக்கு அந்த யோசனை பிறந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

தோட்டத்தில் இருந்தவரை நாங்கள் பெரிய மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். பிறந்தவுடன் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அண்ணன் போன பிறகு அம்மா ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த தமிழ் ஜெபக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். அங்கே தெளிப்பது செல்லாது. முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், ஆளையே தண்ணீருக்குள் முக்கி எடுப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பாஸ்டர் எல்லாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஆழமில்லாத ஓர் ஈயக்குட்டைக்குப் போவார். அம்மா ஒருமுறைகூடப் போனதில்லை. பாஸ்டர் பெயர்களை வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வாள்.

நான் முழுக்கு எடுக்கிறேன் என்றால் அம்மா தடுக்க முடியாது. சாமி பெயரால் ஒருவன் தண்ணீரில் இறங்குவதைத் தடுத்தால் அது பாவம். தண்ணீருக்குள் ஒரே ஒரு முறை தலை போய் வந்துவிட்டால் பயம் தெளிந்துவிடும், பயம் தெளிந்தால் குதித்துவிடலாம், முதுகில் உயிர்காப்புச் சட்டை இருக்கும், மிதந்துவிடலாம். இதுதான் மூன்று வருஷம் பொறியியல் படித்தவனுடைய கணக்கு.

பாஸ்டரிடம் போனேன். வாரநாளில் டயர் கடை நடத்துகிறவர். கைகள் இரண்டும் தூண்கள். நான் கேட்டதும் அந்தக் கைகளால் என்னைக் கட்டிப்பிடித்துக் கண்கலங்கினார். நான்கு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாடம் நடத்தினார். பாடத்தில் என் மனம் போகவில்லை.

"எவ்வளவு நேரம் உள்ளே வெச்சிருப்பீங்க பாஸ்டர்?" என்று கேட்டேன்.

"என்ன தம்பி நேரம்? முக்குன உடனே எடுத்துருவேன்."

"கொஞ்சம் கூடுதலா வெச்சிருக்க முடியுமா? பத்து எண்ணுற வரைக்கும்?"

இப்படி ஒரு வாலிபனைத் தன் ஊழியத்தில் பார்த்ததில்லை என்று அடுத்த ஆராதனையில் எல்லார் முன்னாலும் சாட்சி சொன்னார். தனக்குள் இருக்கிற பழைய பாவ மனுஷனை நன்றாக மூழ்கடிக்கச் சொல்லிக் கேட்ட பிள்ளை என்று பெண்கள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் அம்மா, "நானும் எடுக்குறேன்டா" என்றாள்.

"என்னம்மா?"

"முழுக்கு. நீ எறங்குறப்ப நான் கரையில நிக்க மாட்டேன். என்னால அது முடியாது. எது நடந்தாலும் நானும் உள்ள இருக்கணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக வந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. உபவாசம் என்றாள். அது உபவாசமா பயமா என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். குட்டையைச் சுற்றி வெள்ளை மணல் கண்ணைக் கூசவைத்தது. வெள்ளைச் சேலைகளும் வெள்ளைச் சட்டைகளுமாக நாங்கள் ஒன்பது பேர் வரிசையில் நின்றோம். கரையில் கஞ்சிரா தட்டிப் பாடினார்கள். பாஸ்டர் மார்பளவு தண்ணீரில் நின்றார்.

அம்மா முறை வந்தது. அப்பா அவளைக் கையைப் பிடித்து ஓரம்வரை கொண்டுபோய் விட்டார். கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஒவ்வொரு எட்டுக்கும் நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. என் அண்ணன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடு அவளே சொன்னாள். பாஸ்டர் அவள் தலையைத் தாங்கிப் பின்னால் சாய்த்தார். ஒரு கணம் அம்மா இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது. எனக்கு ஏழு வயது திரும்பி வந்துவிட்டது. மறுகணம் எழுந்தாள். முகமெல்லாம் தண்ணீர், ஆனால் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்தே வருஷக்கணக்கு ஆகியிருந்தது. கரைக்குப் போகாமல் இடுப்பளவு நீரிலேயே எனக்காக நின்றாள்.

நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அடியில் களிமண் வழுக்கியது. பாஸ்டர் ஏதோ கேட்டார், நான் ஆம் என்றேன். அவர் கை என் மூக்கை மூடியது. வானம் போய்ப் பச்சை வந்தது.

ஒன்று, இரண்டு வரைதான் எண்ணினேன். மூன்றாவதில் நெஞ்சு திறக்கப் பார்த்தது. எழ முயன்றேன். பாஸ்டர் விடவில்லை. நான் கேட்டுக்கொண்டபடியே பத்து எண்ணிக்கொண்டிருந்தார் புண்ணியவான். டயரை அழுத்துகிற கை. உதைத்தேன். வாயைத் திறந்தேன், குட்டை உள்ளே வந்தது. கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். அது பாஸ்டரின் கழுத்து. அவருக்குக் கால் வழுக்கி என் மேலேயே விழுந்தார். இப்போது மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. அண்ணனுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்ற ஒரு நினைப்பு தெளிவாக வந்தது. அதற்குப் பிறகு எதுவும் தெளிவாக இல்லை.

தலைமயிரைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். அம்மா. மார்பளவு நீருக்குள் வந்திருந்தாள். இரண்டு கையாலும் என் மயிரைப் பற்றி, ஆட்டுக்குட்டியை இழுப்பதுபோலக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அது ஜெபமும் இல்லை, அழுகையும் இல்லை. கஞ்சிரா நின்றுவிட்டது. மணலில் குப்புற விழுந்து வாந்தியெடுத்தேன். என் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டா? ஏன்டா பத்து எண்ணச் சொன்னே?"

முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாரம், கையெழுத்து, பட்டியல், கடல், குதிப்பது. பாஸ்டரும் சபையும் சுற்றி நின்று கேட்டார்கள். அப்பா கொஞ்சம் தள்ளி லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் நெசமாவே எறங்கினேன்டா" என்றாள்.

வீட்டில் ஈரத்துணியோடு நாற்காலியில் உட்கார்ந்து, "நாளைக்கு நாம கோலாலம்பூர் போறோம்" என்றாள்.

"சொன்னா படிப்பை நிறுத்திப்புடுவாங்க" என்றார் அப்பா.

"நிறுத்தட்டும். ஒரு புள்ளையத் தண்ணிக்குக் குடுத்தாச்சு. பட்டம் வாங்குறதுக்காக இன்னொண்ணைக் குடுக்க மாட்டேன்."

அப்பா பஸ் செலவுக்குப் பணம் எடுத்து அவள் மடியில் வைத்தார்.

மறுநாள் காலை ஈப்போவில் எக்ஸ்பிரஸ் பஸ் பிடித்தோம். பிராக்டிக்கலுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். அம்மாவை அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். பாம்பென்று தாண்டவும் முடியாது, பழுதென்று மிதிக்கவும் முடியாது என்ற நிலைமை. நின்றபடியே சொன்னேன்: எனக்கு நீந்தத் தெரியாது ஐயா, பாரத்தில் எழுதியது பொய்.

அவர் என் கோப்பைத் தேடி எடுத்தார். பாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் நான் மனதில் மறுபடியும் தோட்டத்துக்குப் போய்ப் பால்மரம் வெட்ட ஆரம்பித்திருந்தேன்.

"இதைச் சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு எழுதினால் உன் உபகாரச் சம்பளம் போய்விடும், தெரியுமா?" என்று மலாயில் கேட்டார்.

"தெரியும் ஐயா."

"உனக்குக் காதில் கோளாறு, தண்ணீர் ஆகாது என்று எழுதிவிடுகிறேன். கரைக்குப் போ. இனிமேல் எந்தக் காகிதத்திலும் இப்படி எழுதாதே."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருந்தார். ஹெலிகாப்டரில் ஆறு இடம் சொல்லியாகிவிட்டது, இன்றைக்கே பெயர் கொடுத்தாக வேண்டும் என்று முணுமுணுத்தபடி கோப்புகளைப் புரட்டினார். ஒன்றை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த படத்தில் என் அறைத்தோழன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவன் உன் ஊர்க்காரன்தானே? போலே என்று எழுதியிருக்கிறான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவனுக்கு உண்மையிலேயே தெரியுமா?"

அந்த அறையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால், இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொன்னவர்கள் ஆவோம். இரண்டு பொய் என்றால் அவர் என்னுடையதையும் மன்னிக்காமல் போகலாம். காதுக் கோளாறை அவர் இன்னும் எழுதவில்லை. பேனா மேசை மேல் கிடந்தது. இவ்வளவையும் நான் யோசித்தேன் என்று சொல்வது இப்போது நான் செய்கிற ஜோடனை. அப்போது யோசிக்கவில்லை, பயந்தேன்.

தலையை ஆட்டினேன். தெரியும் என்று.

அவர் என் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதினார்.

வெளியே அம்மா என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். படிப்பு இருக்கிறது, கடல் இல்லை என்றேன். அந்தத் தாழ்வாரத்திலேயே கண்ணை மூடி இரண்டு கையையும் உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னாள். போகிற வருகிற மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படியிறங்கும்போது கேட்டாள்.

"உனக்குப் பதிலா வேற யாரையாச்சும் அனுப்புறாங்களா?"

"ஆமாம்மா."

"அந்தப் புள்ளைக்கு நீந்தத் தெரியுமாடா?"

"தெரியும்மா" என்றேன்.

"கர்த்தர் காப்பாத்தட்டும்" என்றாள். திரும்பிவரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினாள்.

தோழனுக்கு இரண்டு நாளில் கடிதம் போய்விட்டது. என்னைத் தேடி லகாட்டுக்கே வந்தான். முகம் வெளுத்திருந்தது. "உன் எடத்துல என்னைக் கோர்த்து விட்டுட்டாங்க மச்சான். என் பேரு எப்படிலா அங்க போச்சு?" என்று கேட்டான். தெரியாது என்றேன். போய் உண்மையைச் சொல்லிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் சொன்னால், இவனுக்குத் தெரியும் என்று தலையாட்டியவன் யார் என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன். வாப்பாவிடம் சொல்லப் போவதில்லை என்றான் அவன். கடை முழுக்க, மகன் கடலில் எண்ணெய் எடுக்கப் போகிறான் என்று அவர் இனிப்புக் கொடுத்துவிட்டாராம்.

பத்து வாரம் நான் கரையில் ஒரு நிலையத்தில் அழுத்தமானிகளைப் பார்த்து எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அலுவலகத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் என் கண்முன் ஓர் உடல் கரையொதுங்கியது. பேப்பரை எடுத்தால் முதலில் கடல் செய்தி. நான் செய்த ஜெபங்களிலேயே மனதாரச் செய்தவை அந்தப் பத்து வாரத்தில் செய்தவைதான். ஒன்றிலாவது எனக்காக நான் கேட்கவில்லை என்று பெருமைப்பட முடியாது. அவன் செத்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்பதும் அந்த ஜெபத்தில் இருந்தது.

அவன் வந்துவிட்டான். மூக்குத் தோலுரிந்து, கறுத்து, இரண்டு சுற்று இளைத்து, அவனுடைய வாப்பா கடையில் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து கட்டிக்கொண்டான். டீ சொன்னான். குதித்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். மேலே போய் நின்றதும் கால் ரெண்டும் விளங்கவில்லையாம். பயிற்சிக்காரன் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டானாம். உயிர்காப்புச் சட்டை தூக்கிப் பிடித்ததாம், தண்ணீர் குடித்தானாம், பக்கத்திலிருந்தவன் இவனுடைய சட்டைக்காலரைப் பிடித்துப் படகுக்கு இழுத்துப் போனானாம். பிறகு மேடையில் ஒவ்வொரு நாளும் கைப்பிடிக் கம்பியை விடாமல் நடந்தானாம்.

சொல்லிக்கொண்டே வந்தவன் குரலைத் தாழ்த்தினான். வாப்பா கல்லாவில் இருந்தார்.

"மேல நின்னப்ப எதை நெனச்சேன் தெரியுமா மச்சான்? உன் அண்ணன் கதையைச் சொல்லியிருக்கேல்ல, அதைத்தான். நீயா இருந்தா அங்கேயே செத்திருப்பே. நல்லவேளை, உனக்குப் பதிலா நான் வந்தேன்னு நெனச்சேன். அப்புறம்தான்லா கொஞ்சம் தைரியம் வந்துச்சு."

நான் டீயைக் குடித்து முடித்தேன். நல்லா இருக்கா என்று கேட்டான். நல்லா இருக்கு என்றேன்.

இன்றும் நாங்கள் நண்பர்கள். இன்னும் அவனிடம் சொல்லவில்லை.